நகையும் அச்சமும்: ‘டெரி கேர்ள்ஸ்’ என்னும் நகைச்சுவை நாடகம் பற்றிய ஓர் ஆய்வு

பிரித்தானியத் தொலைக்காட்சி வளர்த்த கலைவடிவங்களுள் நகைச்சுவைத் தொடர்நாடகம் தனிச்சிறப்புடையது. ஒரு வீடு, அவ்வீட்டிற் கூடும் ஆறேழு மாந்தர், அவர்கட்கு நேரும் ஒரு சிறு சிக்கல், அரைமணி நேரத்துள் அதன் தீர்வு என்னும் குறுகிய எல்லைக்குள் அஃது இயங்குகின்றது. இவ்வகையுள் ஒருசாரன கழிந்துபோன ஒரு பத்தாண்டினைக் களமாகக் கொள்வன. 1968 முதல் 1977 வரை ஒளிபரப்பான ‘டாட்ஸ் ஆமி’ இரண்டாம் உலகப்போர்க்கால ஊர்காவற் படையொன்றின் கதை. 2015 ஆம் ஆண்டில் ஒளிபரப்பான ‘த கென்னடிஸ்’ 1970களில் ஸ்டீவனேஜ் என்னும் புதுநகரில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் கதை. பின்னையதில், தம் குடியிருப்பில் இத்தாலிய உணவாகிய லசான்யாவை முதன்முதலிற் சமைத்து விருந்திடுவோர் தாமேயாதல் வேண்டுமென்று வீட்டுத்தலைவி படும் பாடே முதற்கதையின் பொருளாகின்றது.

இத்தகைய தொடர்கள் நகையை விளைவிக்கும் முறை வெளிப்படை. நாடகமாந்தர் அறியாத ஒன்றைக் காண்போர் அறிவர். லசான்யா பின்னர் எல்லார் வீட்டிலும் பழகிய உணவாகிவிடும் என்பதைக் காண்போர் அறிவர், வீட்டுத்தலைவி அறியாள். பகைவர் இங்கிலாந்தின் கரையில் இறங்கப்போவதில்லை என்பதைக் காண்போர் அறிவர். தடியுந் துப்பாக்கியுமாய்க் கடற்கரையைக் காத்துநிற்கும் முதியோர் அறியார். இறந்தகாலம் தன் முடிவைக் காட்டிவிட்டது. ஆதலின் அதன் அச்சங்கள் நஞ்சு நீங்கிய பாம்புகளாய் நகைக்குரிய பொருள்களாகின்றன. பழைமைமேற் செல்லும் ஏக்கம் இனிப்பதற்குக் காரணமும் இதுவே.

எனின், எல்லா இறந்தகாலமும் இவ்வாறு நஞ்சு நீங்கியனவாதல் இயலுமா? உயிர்கள் மாய்ந்த ஒரு காலத்தை, மாய்ந்தோரின் உறவினர் இன்னும் அதே தெருக்களில் வாழும்போது, குடும்ப நகைச்சுவைக்குக் களமாக்குதல் தகுமா? இவ்வினாவிற்கு விடையாக அமைந்தது ‘டெரி கேர்ள்ஸ்’ என்னும் தொடர். லிசா மக்கீ எழுத, மைக்கல் லெனொக்ஸ் நெறிப்படுத்திய இந்நாடகம், சனல் 4 இல் 2018 சனவரியில் தொடங்கி 2019 இல் இரண்டாம் பகுதியாகவும் 2022 இல் மூன்றாம் பகுதியாகவும் ஒளிபரப்பாகி, 2022 மே 18 ஆம் நாள் நிறைவெய்தியது. மொத்தம் 19 கதைகள்.

களமாகிய நகர் வட அயர்லாந்தின் மேற்கெல்லையில், பொயில் ஆற்றங்கரையில் அமைந்தது. அதற்குப் பெயர்கள் இரண்டு. 1613 ஆம் ஆண்டுப் பட்டயத்தால் இலண்டன் என்னும் முன்னொட்டினைப் பெற்று லண்டன்டெரியாயிற்று. ஐரிஷ் தேசியத்தைச் சார்ந்த கத்தோலிக்கர் அதனை வெறும் டெரி என்றே வழங்குவர். எப்பெயரைச் சொல்கின்றான் என்பதைக் கொண்டே சொல்பவன் எச்சமயத்தான் என்று உய்த்துணரும் நிலை அங்கு இருந்தது. 1960களின் இறுதியில் வெடித்த கலவரம் முப்பதாண்டு நீடித்து 3,500 இற்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. 1972 சனவரி 30 ஆம் நாள் இந்நகரின் பொக்சைட் பகுதியில் நிகழ்ந்த ஊர்வலத்தின்மீது பிரித்தானியப் படையினர் சுட்டதில் அன்றே பதின்மூவர் மாண்டனர். 1998 ஏப்ரல் 10 ஆம் நாட் செய்துகொள்ளப்பட்ட பெரிய வெள்ளி உடன்படிக்கையோடு கலவரம் முடிவுக்கு வந்தது எனலாம். லிசா மக்கீ 1980 இல் அந்நகரிற் பிறந்தவர். உடன்படிக்கைக்கு முந்திய ஆண்டுகளே அவருடைய பள்ளிப்பருவம். நாடகத்தின் காலமும் அதுவே.

கதைமாந்தர் ஐவர் மாணாக்கர்: எழுத்தாளராக விரும்பும் எரின், அவளுடைய சிற்றன்னையின் மகளும் தனக்கென ஓருலகில் வாழ்பவளுமான ஓர்லா, எதற்கும் நடுங்கும் கிளேர், வாய்த்துடுக்குடைய மிஷெல், மிஷெலின் மைத்துனனாகிய ஜேம்ஸ். ஜேம்ஸ் இங்கிலாந்தில் வளர்ந்தவன். ஆண்கள் பள்ளியிற் சேர்ந்தால் ஆங்கிலேயன் என்று அடிபடுவான் என அஞ்சிப் பெண்கள் கல்லூரியிற் சேர்க்கப்படுகின்றான். அவனுக்கு அங்கு நேரும் முதற்றுன்பம் அரசியலால் வந்ததன்று; ஆண்பிள்ளைக்கு ஏற்ற கழிப்பறை அக்கல்லூரியில் இல்லை என்பதே.

தொடக்கக் காட்சியிலேயே ஆசிரியர் தம் நோக்கினை உணர்த்திவிடுகின்றார். நகரின் தோற்றம் விரிகின்றது, படைவீரர் தோன்றுகின்றனர், ஓர் இளம்பெண்ணின் குரல் தன் ஊரையும் காலத்தையும் உயர்ந்த நடையிற் கூறத் தொடங்குகின்றது. இளமை நினைவுகளைக் கூறும் நாடகங்கள் பலவற்றிற் கேட்டுப் பழகிய குரல். காண்போர் நெஞ்சு நெகிழ ஆயத்தமாகின்றனர். அவ்வேளையில் அக்குரல் அறுகின்றது. அஃது எரினின் நாட்குறிப்பு. அதனை அவளிசைவின்றி எடுத்து வாசித்துக்கொண்டிருப்பவள் ஓர்லா. எரின் சினந்து பறிக்க, வீடு அமளிப்படுகின்றது. ஏக்கம் ததும்பும் நினைவுரை, இரு பெண்பிள்ளைகளின் சண்டையாகிவிட்டது. காலத்தைத் தொலைவினின்று பார்த்து இரங்கும் நோக்கினை ஆசிரியர் முதலிலேயே எள்ளி ஒதுக்கி, அக்காலத்தினுள் வாழ்வோரின் நோக்கினை மேற்கொள்கின்றார்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை தோன்றுவதற்கு எள்ளல், இளமை, பேதைமை, மடமை என்னும் நான்கினை நிலைக்களனாகக் கூறுவர். இந்நாடகத்தில் இந்நான்கும் ஆள்வடிவு பெற்று உலவுகின்றன. மிஷெலின் நாவும், கல்லூரித் தலைவியாகிய அருட்சகோதரி மைக்கலின் சலித்த பார்வையும் எள்ளலுக்கு இடம். தன்னைப் பெருங்கவியெனக் கருதும் எரின் இளமைக்கு இடம். ஓர்லா பேதைமையின் இனிய வடிவம். அழகுபடுத்தலன்றிப் பிறிதொன்றை எண்ணாத சிற்றன்னை சேரா மடமைக்கு இடம். இவ்வளவில் இது பிற குடும்ப நாடகங்களின் வேறுபட்டதன்று. வேறுபாடு, நகையோடு அச்சத்தை வைத்த முறையில் உளது.

அச்சத்திற்கும் தொல்காப்பியர் நான்கு நிலைக்களன் கூறுவர்: தெய்வம் முதலிய அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் அரசு. டெரி நகரில் நான்காவது எங்கும் நிறைந்திருந்தது. கவச வண்டிகளும் காவலரண்களும் சோதனைச் சாவடிகளும் ஆட்சியின் வடிவங்கள்; அதனை எதிர்த்த ஆயுதக் குழுக்களின் குண்டுகளும் அதற்குக் குறைந்தனவல்ல. ஆயினும் இந்நாடகத்தின் மாந்தர் இவற்றை அஞ்சும் வரிசையில் ஈற்றில் வைத்துள்ளனர். முதற்கதையிற் பாலத்தின்மேற் குண்டு வைக்கப்பட்டுள்ளதெனச் செய்தி வருகின்றது. தாய் மேரி கலங்குவது பிள்ளைகள் பள்ளி செல்லாது அன்றும் வீட்டில் இருந்துவிடுவார்களே என்பதற்காக. சிற்றன்னை வருந்துவது உடலை நிறமேற்றும் நிலையத்திற்குக் குறித்த நேரத்திற் போதல் இயலாதே என்பதற்காக. பள்ளிப்பேருந்தினுள் துப்பாக்கி ஏந்திய வீரன் ஏறிச் சோதிக்கும்போது மிஷெல் அவனுடைய அழகினை ஆராய்கின்றாள். அதே பிள்ளைகள் அருட்சகோதரி மைக்கலின் அறைக்கு அழைக்கப்படும்போது உண்மையாகவே நடுங்குகின்றனர். வீட்டில் தாயின் காதுக்குச் செய்தி எட்டுமென்றால் அதனினும் மிக நடுங்குகின்றனர்.

அச்சத்தின் இவ்வரிசை மாற்றமே நாடகத்தின் நகைக்கு ஊற்று. இது வெறும் தந்திரமன்று. நெடுங்காலம் இடருள் வாழும் மக்களின் உளநிலை பற்றிய நுண்ணிய அறிவு. அபாயம் ஒருநாள் வந்தால் அது நிகழ்ச்சி. நாடோறும் வந்தால் அது வானிலை. மழையை எண்ணி எவரும் அழுவதில்லை. துணி காயவில்லையே என்றுதான் நொந்துகொள்வர். மேரி பாலத்துக் குண்டினைப் பற்றி நொந்துகொள்வது அவ்வாறே. அவளிடம் வீரமும் இல்லை, உணர்ச்சியின்மையும் இல்லை. சமையல் செய்து, துணி துவைத்து, பிள்ளைகளை நேரத்திற்கு அனுப்ப வேண்டிய ஒருத்தியின் கணக்கு அது. மூன்றாம் பகுதியின் முதற்கதையிற் பிள்ளைகள் தாம் அறியாமலே களவொன்றிற்கு உடந்தையாகிக் காவல் நிலையத்தில் அகப்படுகின்றனர். லியம் நீசன் நடிக்கும் கண்டிப்பான காவலதிகாரியிடமிருந்து அவர்களை மீட்பது வழக்கறிஞர் வாதமன்று. கேட்போர் உயிர் சலிக்கும்வரை முடிவின்றிப் பேசும் கொல்ம் என்னும் உறவினரின் கதையளப்பு. ஆளும் அரசு என்னும் அச்சநிலைக்களன் ஒரு சலிப்பூட்டும் முதியவரின் முன் தோற்றுப்போகின்றது.

இவ்வரிசையின் நடுவே அமைந்தது குடும்பம். எரினின் பாட்டனார் ஜோ தம் மகளின் கணவனாகிய ஜெரியைப் பதினாறாண்டுக்கு மேலாகியும் ஏற்றுக்கொள்ளவில்லை. மருமகன் சொல்லும் எதனையும் இகழ்தல் அவருடைய அன்றாடக் கடன். மருமகனோ பொறுமையின் எல்லையிலேயே வாழ்பவன். ஐயன் மக்கெல்ஹினியும் டொமி டியர்னனும் இவ்விருவரையும் நடிக்கும் திறம் பாராட்டற்பாலது. நகர் முழுதும் இருசாராரிடையே பெரும்பகை நிலவ, இச்சமையலறையில் ஒரு சிறு பகை நிலவுகின்றது. பெரும்பகையைப் பற்றி நாடகம் மிகக் குறைவாகவே பேசுகின்றது. சிறுபகையினைக் கதைதோறும் வளர்க்கின்றது. அதன் பயன் முதற்பகுதியின் இறுதியிற் புலனாகின்றது.

அவ்விறுதிக் கதை கல்லூரிச் சஞ்சிகை ஒன்றனைப் பற்றியது. எரின் அதன் ஆசிரியப் பொறுப்பினை ஏற்று, பெண்ணைக் காதலிக்கும் ஒருத்தி பெயர் குறிப்பிடாது எழுதிய கட்டுரையைப் பரபரப்பிற்காக வெளியிடுகின்றாள். அதனை எழுதியவள் தன் தோழி கிளேரே என அறிந்தபோது முகஞ்சுளிக்கின்றாள். பின்னர்க் கல்லூரி அரங்கில் ஓர்லா தனக்கேயுரிய விசித்திரமான ஆட்டத்தை ஆட, மாணாக்கியர் அவளை ஏளனஞ் செய்கின்றனர். எரின் மேடையேறி அவளுடன் ஆடுகின்றாள். கிளேரும் மிஷெலும் ஜேம்சும் சேர்கின்றனர். அதேவேளையில் வீட்டிற் பெரியோர் தொலைக்காட்சியின்முன் அசைவின்றி நிற்கின்றனர். குண்டொன்று வெடித்துப் பன்னிருவர் மாண்ட செய்தி. ஆட்டமும் செய்தியும் மாறிமாறிக் காட்டப்படுகின்றன. அப்பொழுது ஜோ, தாம் என்றும் இகழும் மருமகனின் தோளிற் கையை வைக்கின்றார். ஒரு சொல்லும் இல்லை.

இக்காட்சியின் வன்மை அதுவரை நகைத்த நகையின்மீது எழுந்தது. அச்சத்தின் வரிசை ஒரு கணம் தன் உண்மை நிலைக்குத் திரும்புகின்றது. குண்டு முதலிடத்திற்கு வருகின்றது. அது வந்த உடனே ஆறு கதைகளாய் வளர்த்த சிறுபகை பொருளற்றதாய் விழுகின்றது. பிள்ளைகளோ அறியாது ஆடுகின்றனர். அவர்களின் ஆட்டம் அறியாமையால் இழிந்ததாய்த் தோன்றவில்லை. ஏளனத்திற்கு உள்ளான ஒருத்தியின் பக்கத்திற் போய்நிற்றல் என்னும் அறத்தினை அவர்கள் அவ்வேளையிற் பயில்கின்றனர். அவர்கள் செய்வதும் செய்தியில் வருவதும் ஒன்றற்கொன்று மறுதலை என்பதை ஆசிரியர் விளக்கிக் கூறாமலே விடுத்தது நன்று.

இரண்டாம் பகுதியின் முதற்கதையும் குறிப்பிடத்தக்கது. கத்தோலிக்க மாணாக்கியரும் புரட்டஸ்தாந்த மாணாக்கரும் நட்புறவு வளர்க்கும் முகாமொன்றிற் கூட்டப்படுகின்றனர். இரு சாராரிடையேயுள்ள ஒற்றுமைகளைக் கூறுமாறு குருவானவர் கேட்க, எவர்க்கும் ஒன்றும் தோன்றவில்லை. வேற்றுமைகள் மட்டும் வெள்ளமாய் வந்து கரும்பலகையை நிறைக்கின்றன. பாண் வாட்டும் பொறியை அலுமாரியினுள் வைப்பவர் புரட்டஸ்தாந்தர் என்பதும் அவற்றுள் ஒன்று. முந்நூறாண்டுப் பகையின் அடியில் எத்துணை அற்பமான அறிவு கிடக்கின்றது என்பதை நூறு பக்க வரலாற்று நூலினும் அப்பலகை விளங்கக் காட்டியது. பின்னர் அப்பலகை பெல்பாஸ்ட் நகரின் அல்ஸ்டர் அரும்பொருளகத்திற் காட்சிக்கு வைக்கப்பட்டமை வியப்பன்று.

இந்நாடகத்தின்மேற் சுமத்தத்தக்க குற்றங்கள் மூன்று. ஒன்று, இது நகரின் ஒரு பாதியையே அறிந்தது. புரட்டஸ்தாந்தர் விருந்தினராய் வந்து போகின்றனர். அவர்தம் சமையலறையினுட் காண்போர் நுழைவதில்லை. ஆசிரியர் தாம் வாழ்ந்த வீட்டையே எழுதினார் என்பது இதற்குத் தக்க விடை. ஆயினும் ஒருபுறத்தார் வீடாகவும் மறுபுறத்தார் விருந்தாகவும் அமைந்த நாடகம் நகர் முழுதுக்கும் உரிய நினைவாகக் கொள்ளப்படுதல் பொருந்தாது. இரண்டு, இசையின் மிகையான பயன்பாடு. 1990களின் விருப்பப் பாடல்கள் காட்சிதோறும் ஒலிக்க, காட்சியின் உணர்ச்சி நாடகத்தால் விளைந்ததா, பழகிய பாடலால் விளைந்ததா என்று பிரித்தறிதல் அரிதாகின்றது. முதற்காட்சியில் எள்ளி ஒதுக்கிய ஏக்கம் இசையின் வழியே பின்வாயிலால் நுழைந்துவிடுகின்றது.

மூன்றாவது குற்றமே கனமானது. உறவினரை இழந்தோர்க்கு அபாயம் வானிலையாய் இருந்ததில்லை. அவர்கட்கு அஃது என்றும் நிகழ்ச்சியே. அத்தகையோர்க்கு இந்நகை கொடியதாய்த் தோன்றாதா? இக்குற்றச்சாட்டை ஆசிரியர் உணர்ந்திருந்தார் என்பதற்கு மூன்றாம் பகுதி சான்று. அதில் நண்பர் ஐவருள் ஒருத்தியின் வீட்டில் இழவு நேர்கின்றது. கிளேரின் தந்தை இறக்கின்றார். குண்டினால் அன்று, திடீர் நோயினால். முப்பதாண்டுக் கலவரம் நிகழ்ந்த நகரில், நாடகத்தின் நெஞ்சைத் தொடும் மரணம் எந்நகரிலும் நிகழத்தக்க ஒன்றாக அமைந்தது. அரசியல் மரணங்கள் செய்தியில் எண்ணாக வந்துபோக, ஒரு வீட்டு மரணம் முழு நிறையோடு வந்து அமர்கின்றது. எண்ணாய்ப் போன ஒவ்வொரு மரணமும் ஏதோ ஒரு வீட்டில் இவ்வாறே அமர்ந்திருக்கும் என்பது கூறாமற் கூறப்பட்ட பொருள்.

இறுதிக் கதை 1998 ஆம் ஆண்டு உடன்படிக்கையைப் பற்றியது. அதன் விதிகளுள் ஒன்று, கலவரம் தொடர்பாகச் சிறைப்பட்டோரை இரண்டாண்டுக்குள் விடுவித்தல். மிஷெலின் தமையன் கொலைக்குற்றத்திற்காகச் சிறையில் இருப்பவன் என்பது அப்பொழுதே வெளிப்படுகின்றது. அவன் விடுதலையாதல் தகுமா என்பது பற்றி எரினும் மிஷெலும் மோதுகின்றனர். கொல்லப்பட்டவனுக்கும் ஒரு குடும்பம் உண்டு என்பது எரினின் பக்கம். உள்ளிருப்பவன் தன் உடன்பிறந்தான் என்பது மிஷெலின் பக்கம். இருவரும் பின்னர் இணங்குகின்றனர். வினாவிற்கோ விடை கிடைக்கவில்லை. அரைமணி நேரத்துள் எல்லாச் சிக்கலுந் தீரும் கலைவடிவம் ஒன்று, தீராத சிக்கலைத் தீராததாகவே விட்டு அகல்வது நேர்மை. மூன்றாங் குற்றத்திற்கு இதுவே தக்க விடை.

அதன்பின் எரினின் குரல் நீண்டு ஒலிக்கக் குடும்பம் வாக்களிக்கச் செல்கின்றது. இவ்விடத்தில் ஆசிரியரின் கை தளர்ந்தது எனலாம். முதற்கதையில் இடைமறித்து நகைக்கப்பட்ட அதே நினைவுரை இறுதிக்கதையில் இடையீடின்றி ஒலிக்கின்றது. ஓர்லா வந்து பறிப்பாள் எனக் காண்போர் எதிர்பார்க்கின்றனர், அவள் வரவில்லை. சொல்லாமல் விட்டதனாற் சிறந்த நாடகம் இறுதியிற் சொல்லிவிடுகின்றது. எனினும் இப்பகுதியில் ஒரு மணி உண்டு. இவ்வாக்கெடுப்பும் பயனின்றிப் போனால் என்செய்வது என எரின் ஐயுற, அது பயன்பட்டுவிட்டால் என்று பாட்டனார் திருப்பிக் கேட்கின்றார். இனி எவரும் சாகத் தேவையின்றி, நிகழ்ந்தன யாவும் பிற்காலத்துப் பிள்ளைகள் நம்பமாட்டாத பேய்க்கதையாய் ஆகிவிடுமாயின் எப்படியிருக்கும் என்கின்றார். நாடகத்தையே விளக்கும் சொற்கள் இவை. 1998 மே 22 ஆம் நாள் வட அயர்லாந்தில் வாக்களித்தோருள் 71.1 வீதத்தினர் உடன்படிக்கையை ஏற்றனர்.

இவ்விடத்திற் காண்போரின் அறிவு பற்றித் தொடக்கத்திற் கூறியதனை மீண்டும் நோக்குதல் தகும். ‘டாட்ஸ் ஆமி’யைக் கண்டோர்க்குப் போரின் முடிவு ஐயமறத் தெரிந்தது. ‘டெரி கேர்ள்ஸ்’ வெளிவந்த காலம் அத்தகையதன்று. 2016 ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகத் துணிந்தமையால், அயர்லாந்தின் எல்லையில் மீண்டுஞ் சாவடிகள் எழுமோ என்னும் கேள்வி எழுந்தது. அதற்கு விடை காணப்படாத ஆண்டுகளிலேயே நாடகத்தின் முதலிரு பகுதிகளும் ஒளிபரப்பாயின. இறந்தகாலம் தன் முடிவை முற்றாகக் காட்டிவிட்டது என்று காண்போர் உறுதியாயிருத்தல் இயலவில்லை. ஆதலின் அவர்தம் நகையில் ஒரு நடுக்கமும் கலந்திருந்தது. பழைமையேக்க நாடகங்கள் தரும் பாதுகாப்புணர்வினை இது தரவில்லை. தராமையே இதன் சிறப்பு.

டெரி நகரின் பொக்சைட் சுவர்களில் மாண்டோரையும் போராட்டங்களையும் நினைவூட்டும் ஓவியங்கள் நெடுங்காலமாக உள்ளன. இந்நாடகம் வெளிவந்தபின் ஓச்சட் வீதியிலுள்ள கட்டடச் சுவரொன்றில் பள்ளிச்சீருடை அணிந்த இவ்வைவரின் உருவங்களும் வரையப்பட்டன. முன்னவற்றின் இடத்தைப் பின்னது பறித்ததாகக் கொள்ளவேண்டுவதில்லை. இரண்டும் ஒரே நகரின் நினைவுகள். அச்சத்தின் வரிசையை மாற்றி நகைத்த ஒரு தலைமுறையின் ஆசை என்னவென்று நோக்குமிடத்து அது மிக எளியது. படைவீரனைக் காட்டிலும் கல்லூரித் தலைவிக்கு அஞ்சுவதும், குண்டினைக் காட்டிலும் தாயின் சினத்திற்கு அஞ்சுவதும் நகைப்பிற்கு இடமாகாது, பிள்ளைகட்கு இயல்பேயாகும் ஒரு நாள் வேண்டும் என்பதே அவ்வாசை. அமைதி என்பதற்கு இதனினும் சிறந்த இலக்கணம் அரசியல் நூல்களிற் காண்டல் அரிது.